முப்பதுக்குக் கீழே

ஜூன் 14, வெள்ளி

வீடு வந்தோம். அம்மா, நான், ஒரு குழாய்.

குழாய் அம்மாவின் வலது அக்குளுக்குக் கீழே தோலிலிருந்து வெளியே வருகிறது. அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. அமுக்கி மூடிவிட்டால் மெல்ல மெல்ல விரியும். விரியும்போது உள்ளே ஊறுகிற நீரை இழுத்துக்கொள்ளும். மார்பை எடுத்த இடம் வெற்றிடமாக இருக்க உடம்பு சம்மதிக்காதாம். நீரை விட்டு நிரப்பப் பார்க்குமாம். சிஸ்டர் ஜெபமணி சொன்னார். அந்த நீர் உள்ளே தங்கினால் தையல் ஒட்டாது, சீழ் பிடிக்கும்.

விதிகள். காலை ஏழு மணி. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நான் மட்டும்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். அளவுக் கோப்பையில் ஊற்றி, தரையில் வைத்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக இறக்கிப் பார்க்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் முப்பது மில்லிக்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். அதுவரை வலது கையில் பாரம் தூக்கக் கூடாது, தோளுக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. விரல்களை மட்டும் அசைக்கலாம். மூடித் திற, மூடித் திற. கை வீங்காமல் இருக்க.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் கேட்டார், புகை, புகையிலைப் பழக்கம் உண்டா என்று. இருவரும் ஒன்றாக இல்லை என்றோம். பொய் இல்லை. அம்மா ஒரு பீடியைக்கூட உதட்டில் வைத்ததில்லை. முப்பத்தொரு வருடமாகச் சுற்றத்தான் செய்கிறாள்.

நோட்டின் முன்பக்கம் ஆஸ்பத்திரிக்கு. இதை நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

இன்று 140. சிவப்பு.

ஜூன் 15, சனி

130.

திருப்பூரிலிருந்து அண்ணி பேசினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிறாளாம், கீமோ முடியும்வரை இருப்பாளாம். ஆனால் ஒன்று. "எனக்கு ரத்தம் கண்டா தலை சுத்தும் கோமு. அந்த ட்யூபை எடுத்துட்டாங்கன்னு சொல்லு, மறுநாளே வந்து நிக்கேன்."

ஆக, குழாய் போனால் அண்ணி வருவாள். அண்ணி வந்தால் நான் போகலாம். ஹைதராபாத்தில் பல்கலைக்கழகத்தில் சேரக் கடைசி நாள் ஜூலை எட்டு, திங்கள். ஆறாம் தேதி சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட் இருக்கிறது. கீமோ பத்தாம் தேதி.

என் ஆய்வுத் தலைப்பு: பிறர் சொல்வதை நாம் எதன் பேரில் நம்புகிறோம். நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார், உதாரணம் சொல்லுங்கள் என்று. ஒருவர் தன் வயதைச் சொல்வது என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இடம் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு ரயிலேறினேன். இரண்டு வாரம் கழித்து அம்மா குளிக்கும்போது கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

குழாயின் நீளம் மூன்றடி. ஒரு முனையில் அம்மா. மறுமுனையில் நான்.

ஜூன் 17, திங்கள்

115. சிவப்பில் கொஞ்சம் தண்ணீர் கலந்த நிறம்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். தையல் குறுக்கே போகிறது, அவசரமாக மூடிய சாக்கு மாதிரி. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இரும்புக்கம்பி மாதிரி கறுத்த நூல் முடிச்சுகளை எண்ணினேன். இருபத்திரண்டு.

"என்னட்டி எண்ணுத?"

"ஒண்ணுமில்ல."

"எண்ணிக்க. கட்டுக்கு இருபத்தஞ்சு இருக்கணும். மூணு கொறையுது."

பீடிக்கட்டைச் சொல்கிறாள். இந்த வீட்டில் எல்லாம் இருபத்தைந்துகளாகத்தான் வந்திருக்கிறது. என் பள்ளிக்கூடப் பை, மிதிவண்டி, பி.ஏ., எம்.ஏ. எல்லாம்.

ஜூன் 18, செவ்வாய்

108. மூடித் திற. மூடித் திற.

ஜூன் 19, புதன்

102.

பக்கத்து வீட்டுச் செண்பகம் மைனி வந்தாள். மற்றவர்களை அம்மா உள்ளே விடுவதில்லை. வாசலிலேயே நான் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மைனிக்கு மட்டும் அனுமதி. வந்தவள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அத்தே, ஒரு பக்கம் பாரம் கொறஞ்சிருச்சு. நடக்கையில சாஞ்சிராதிய."

அம்மா தையலைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று சிரித்தாள். பத்து நாளில் முதல் சிரிப்பு. எனக்கு அதை வரவழைக்கத் தெரியவில்லை.

பிறகு இருவரும் பீடிக்கடைப் பேச்சு. ஒரு மாதம் சுற்றிய சரக்கைக் கொண்டுபோய்ப் போடாவிட்டால் கடையில் பெயரை வெட்டிவிடுகிறார்களாம். கீழத்தெருவில் ஒருத்திக்கு வெட்டிவிட்டார்களாம்.  அம்மாவின் வலது கை சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. சுருட்டி, முனையை மடக்கி, விட்டுவிட்டு, மறுபடி.

மூடித் திற, என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

96. ஆஸ்பத்திரி. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால். பஸ்ஸில் அம்மா டப்பாவைத் துணிப்பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் பையில் என்ன என்று கேட்டாள். கோழிக்குஞ்சு என்றாள் அம்மா.

சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். தையலின் ஓரம் ஓரிடத்தில் மங்கலாக இருக்கிறதாம், ரத்த ஓட்டம் போதவில்லையாம், பார்ப்போம் என்றார். ஒன்றிரண்டு நூலைத் தவிர மற்றதை எடுத்துவிட்டார். அளவு இதற்குள் பாதியாக இறங்கியிருக்க வேண்டுமாம். வீட்டில் வேலை ஏதும் செய்கிறாரா என்று என்னைக் கேட்டார். தண்ணீர்கூட நான்தான் மோந்து கொடுக்கிறேன் என்றேன்.

பொய் இல்லை.

ஜூன் 22, சனி

94.

மதியம் இ-சேவை மையம், இந்த வாரம் இரண்டாவது தடவை. சாதிச் சான்றிதழில் அம்மா பெயர் தப்பாக இருக்கிறது. ஆவுடைத்தங்கம் என்பதை ஆவுடையம்மாள் என்று அடித்திருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டும். இரண்டு மணிக்குப் போனவள் ஐந்தரைக்கு வந்தேன். மையத்தில் ஆன வேலை முக்கால் மணி நேரம்.

மிச்ச நேரம், போன தடவை மாதிரியே, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. பஸ்கள் வந்தன, போயின. பலகைகளைப் படித்தேன்: தென்காசி, பாபநாசம், மதுரை. யாரும் என்னை ஏட்டி என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படுத்திருந்தாள். முகத்தில் வேர்வை. நன்றாகத் தூங்கினேன் என்றாள். நாளைக்கும் வேலை இருந்தால் போய்ட்டு வா, அவசரப்படாதே என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

90.

கட்டு மாற்றும்போது பிளாஸ்டர் ஓரத்தில் பழுப்பாக ஒரு துகள் ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன். இந்த வீட்டின் சுவரிலேயே புகையிலைத் தூசு இருக்கிறது. நான் படித்த புத்தகங்களைத் திறந்தாலும் உதிரும்.

மைனி வந்தாள். கையில் மஞ்சள் பை. கீரை என்றாள்.

அண்ணி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டாள். இறங்கவே மாட்டேன் என்கிறது என்றேன். அப்போ உன் காலேஜ் என்றாள். பார்க்கலாம் என்றேன். "பாக்கலாம்னா? சீட்டை விட்ரப்போறியா?" அம்மா கட்டிலில் கண்ணை மூடியிருந்தாள்.

நாங்கள் இன்று கீரை சமைக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

66.

இருபத்துநாலு குறைந்திருக்கிறது, ஒரே நாளில். அம்மாவிடம் சொன்னேன். நல்லதுதானே என்றாள். எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருக்கிறாள். பின்கட்டுத் தொட்டி ஈரமாக இருந்தது.

டப்பா நன்றாக அமுங்கியிருந்தது. நேற்று நான் அமுக்கி வைத்த மாதிரியே. பாதி நிறைந்த டப்பா இவ்வளவு அமுங்கி இருக்குமா? இருக்கும் போல.

ஜூன் 25, செவ்வாய்

62.

நேற்று மதியமும் இ-சேவை மையம், பிறகு பஸ் ஸ்டாண்ட். இன்னும் பதினொரு நாள். அண்ணி வர ஒரு நாள், அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு நாள். குழாயை எடுத்துவிட்டு நாலைந்து நாள் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆக 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை புறநோயாளி நாள்தான் கடைசி. ஆக நாளையும் மறுநாளும் முப்பதுக்குக் கீழே வர வேண்டும்.

அறுபத்திரண்டில் பாதி முப்பத்தொன்று.

ஜூன் 26, புதன்

28.

கோப்பையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். விளிம்பு கொஞ்சம் சாய்வானது. மேலே நுரை இருந்தது. நுரையைச் சேர்க்க வேண்டுமா வேண்டாமா என்று யாரும் சொல்லித்தரவில்லை. கோடுகள் மெலிதானவை. நின்றபடி பார்த்தால் ஒரு மாதிரி, உட்கார்ந்து பார்த்தால் ஒரு மாதிரி. முட்டி வலித்தது. நின்றபடி பார்த்தேன்.

"எம்புட்டு?" என்றாள் அம்மா.

"இருபத்தெட்டு."

அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொறஞ்சிருச்சே," என்றாள்.

சந்தோஷமாகச் சொன்னாள் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 27, வியாழன்

25.

ஜூன் 28, வெள்ளி

குழாயை எடுத்துவிட்டார்கள். அம்மாவை மூச்சை இழுத்து விடச் சொன்னார் சிஸ்டர். விடும்போது உருவினார். மறைந்திருந்த பாகம் நான் நினைத்ததைவிட நீளம்.

எடுப்பதற்கு முன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். 66, 62, 28, 25. இருபத்தெட்டா என்று கேட்டார். ஆமா என்றேன். டாக்டர் தலையை நீட்டிப் பார்த்து, நல்லது, எடுத்துவிடுங்கள் என்றார். வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும்.

பஸ்ஸில் அம்மாவின் மடி காலியாக இருந்தது. இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அண்ணிக்குப் போன் செய்தேன். மறுநாள் இல்லை, ஐந்தாம் தேதிதான் வர முடியுமாம்.

ஜூன் 30, ஞாயிறு

இனி எண் இல்லை. முன்பக்கம் அப்படியே நிற்கிறது. பின்பக்கத்தையும் நிறுத்தியிருக்கலாம். பழக்கம்.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். அம்மா என் சுடிதார்களை இடது கையாலேயே மடித்துத் தந்தாள். அங்கே குளிருமா என்று கேட்டாள். சாப்பாட்டில் புளி அதிகமாக இருக்குமாமே என்றாள். நான் போவதைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு இது. பேசிக்கொண்டே இருந்தாள். நான் ஏன் அவள் கண்ணைப் பார்க்காமல் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

வெயில். அம்மா வீட்டுக்குள்ளேயும் துண்டைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். ரவிக்கை போட முடியவில்லை, கூச்சமாக இருக்கிறது என்கிறாள். கட்டு மாற்றலாம் என்றேன். காலையில் தானே மாற்றிக்கொண்டாளாம். ஒற்றைக் கையால் எப்படி என்று கேட்டேன். பழகிக்க வேண்டாமா, நீ போன பிறகு யார் என்றாள்.

நியாயம்தான். கேட்பதை விட்டுவிட்டேன்.

மாலையில் தண்ணீர் கேட்டாள். மறுபடி கேட்டாள். மறுபடியும்.

ஜூலை 3, புதன்

அம்மாவுக்குப் பசி இல்லை. அண்ணி வந்தால் சரியாகிவிடும்.

ஜூலை 4, வியாழன்

காலையில் காபி கொடுக்கும்போது விரல் பட்டது. கொதித்தது. துண்டை இழுத்தேன். விடமாட்டேன் என்றாள். இழுத்தேன்.

அக்குளுக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி தொங்கியது. தையலின் மங்கலான ஓரம் கறுத்திருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு கோடு இறங்கிப் பாவாடைவரை நனைத்திருந்தது. வாடை.

"எப்ப இருந்து?"

"சனிக்கிழமை வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்," என்றாள் அம்மா.

சனிக்கிழமை என் ரயில்.

மைனி ஆட்டோ பிடித்து வந்தாள்.

ஜூலை 5, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தா, பிளாஸ்டிக் நாற்காலி.

டாக்டர் தையலில் இரண்டு அங்குலம் திறந்து கழுவினார். நீர் ஒரு கிண்ணம் நிறைய வந்தது. கறுத்த ஓரத்தை வெட்டினார். மறுபடி குழாய், மறுபடி டப்பா. கீமோ பத்தாம் தேதி இல்லை. காயம் ஆறாமல் ஆரம்பிக்க முடியாது, மூன்று வாரமாவது தள்ளும் என்றார். தள்ளினால் என்ன என்று கேட்டேன். தள்ளாமல் இருந்திருந்தால் நல்லது என்றார். அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

சிஸ்டர் ஜெபமணி கட்டுப் போடத் தொடங்கினார். நடுவில் நின்றார். பழைய பிளாஸ்டரிலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்கம்மாவும் சுத்துனவதான். இந்த வாசம் எனக்குத் தெரியாதா?"

நான் சுவரின் தூசு என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"விரல அசைச்சுக்கிட்டே இருக்கணும்னு நீங்கதான சொன்னிய."

சிஸ்டர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"பத்துத் தடவை மூடித் திறக்கச் சொன்னேன். நீங்க எத்தன சுத்துனிய?"

"முன்னூறுதான். மத்தியானத்துல மட்டும்."

வழக்கமாக ஆயிரம் சுற்றுகிறவள். அந்த 'தான்' வெட்கத்தில் வந்தது. அவ்வளவு குறைந்துபோனதற்கான வெட்கம்.

மஞ்சள் பை. வெட்டிய பீடி இலை, புகையிலைத் தூள், நூல். மைனி கொண்டுவந்து வைத்து, சாயங்காலம் எடுத்துப் போயிருக்கிறாள், தன் சரக்கோடு சேர்த்து அம்மா பெயரில் கடையில் போட. நான் பஸ் ஸ்டாண்டில் பலகை படித்துக்கொண்டிருந்த மத்தியானங்கள்.

சிஸ்டர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. விரல் அசையும்போது தோளும் அசையும், தோள் அசைந்தால் நீர் ஊறும் என்றார். தூள் கையிலேயே ஊறி ரத்தத்தில் கலக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், தையல் ஓரத்துக்கு ரத்தம் போகாது என்றார். பீடி குடித்தால்தான் கெடுதல் என்று இல்லை. டாக்டர் கேட்டபோது பீடி சுற்றுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். அவர் குடிக்கிறார்களா என்றுதான் கேட்டார் என்று நான் சொன்னேன். எம்.ஏ. முதல் வகுப்பு.

"என்னத்துக்கு தங்கம்மா இப்பிடிப் பண்ணுனிய?"

அம்மா கூரையைப் பார்த்துப் பேசினாள். "பேர வெட்டிருவானுவ. முப்பத்தோரு வருசம் அந்த நோட்டுல எம்பேரு இருக்கு. அதையும் வெட்டிட்டா நான் வெறும் சீக்காளிதான் சிஸ்டர். கை சும்மா கெடந்தா பயமா வருது."

என்னிடம் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. மூடித் திற என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு சிஸ்டர் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கொடுத்த கையை எடுக்கவில்லை.

"அந்த இருபத்தெட்டு," என்றேன். "அது அறுபது. மறுநாளும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்காமல் நின்றேன். மின்விசிறி சுற்றியது.

"அது அறுபதும் இல்ல," என்றது அம்மாவின் குரல்.

நான் எழுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து, கால் டம்ளர் அளவு தொட்டியில் ஊற்றிவிட்டு, அமுக்கி மூடிவிட்டுப் படுத்திருக்கிறாள். சீட்டை விடப்போகிறாயா என்று அண்ணி போனில் கேட்ட மறுநாளிலிருந்து, குழாய் இருந்த நாள் வரை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தூள் பட்ட விரலால்.

நூறை அம்மா அறுபது ஆக்கினாள். அறுபதை நான் இருபத்தெட்டு ஆக்கினேன். டப்பாவின் உள்ளே எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியும். நான் இருபத்தெட்டு என்று சொன்ன காலையில், அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

கொறஞ்சிருச்சே என்றாள்.

சிஸ்டர் நோட்டை மூடினார். "ரெண்டு பேரும் சேந்து நல்லா ஒரு நோட்டு எழுதியிருக்கிய," என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "முப்பதுக்குக் கீழன்னு சொன்னா எல்லாரும் இருபத்தெட்டுத்தான் போடுதாவ. ஒருத்தராவது பதினொண்ணுன்னு போட்டதில்ல. நான்தான் அன்னைக்கு நின்னு கேட்டிருக்கணும்."

இனி அம்மா வாசிக்க வேண்டும், நான் எழுத வேண்டும், இருவரும் கோட்டுக்கு நேராக உட்கார வேண்டும் என்றார். நோட்டின் பின்பக்கத்தை அவர் திருப்பவில்லை.

ஜூலை 6, சனி

நாலு ஐம்பதுக்கு ரயில். நாலு ஐம்பதுக்கு அம்மாவுக்கு ஊசி.

அண்ணி வரவில்லை. குழாய் மறுபடி போட்டிருக்கிறது என்று சொன்னேன். ஐயோ என்றாள். 

பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'தாயின் உடல்நிலை' என்று எழுதினேன். அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினேன்.

ஜூலை 8, திங்கள்

இன்று கடைசி நாள். நீர் 110, சீழ் கலந்தது.

ஜூலை 12, வெள்ளி

வீடு. 84.

பதில் வந்திருக்கிறது. இரண்டு வாரம் நீட்டித்திருக்கிறார்கள். 22ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் நேரில் வர வேண்டும். அதற்கு மேல் இடம் அடுத்தவருக்கு. 'இது இறுதி' என்று தனி வரியில்.

அதாவது 20ஆம் தேதி ரயில். அதாவது 18, 19 இரண்டு நாளும் முப்பதுக்குக் கீழே. 19 வெள்ளி, எடுக்கிற நாள்.

மறுபடியும் அதே கணக்கு. வெளியே போகிற கதவு அதே அகலம்தான்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருபத்திரண்டா என்றாள். கை சேலை நுனியைத் தேடிப் போனது. நான் பிடித்துக்கொண்டேன். அந்த விரல்களின் நுனி மஞ்சள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மஞ்சள். சின்ன வயதில் அதை மருதாணி என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 13, சனி

70.

மைனி வாசலில் நின்று அழுதாள். தன்னால்தான் என்றாள். அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு, "நீ வராட்டா நான் எந்திச்சு கடைக்கே போயிருப்பேன் போ," என்றாள். மைனி மூக்கைச் சிந்திக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். ஆள் நேரில் வராமல் போட்டது கணக்கில் சேராது என்று கடையில் பெயரை வெட்டிவிட்டார்கள். போன வாரமே.

அம்மா கேட்டாள், எந்த மையில் என்று. சிவப்பா நீலமா. மைனிக்குத் தெரியவில்லை.

மத்தியானம் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாள். மைனி வீட்டிலிருந்து இலை வெட்டும் கத்தரியின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. எழுந்து கதவைச் சாத்தினேன். சாத்தினாலும் கேட்டது.

ஜூலை 15, திங்கள்

52. நிறம் வைக்கோல். சீழ் இல்லை.

எனக்கும் வெளியே வேலை இல்லை. எல்லாச் சான்றிதழும் திருந்திவிட்டது. அம்மாவின் பெயர் சரியாக இருக்கிறது.

நாள் முழுக்க ஒரே அறை. அவள் கட்டிலில், நான் தரையில். அவள் பார்க்கும் சுவரை நானும் பார்க்கிறேன். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாள். ஐந்து வருடம் கல்லூரியில் படித்திருக்கிறேன், இப்போதுதான் கேட்கிறாள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் எதற்காக நம்புகிறார் என்று சொன்னேன். அதற்குப் போய் ஹைதராபாத்தா என்றாள்.

ஜூலை 17, புதன்

38.

காயம் சுருங்குகிறது. திறந்த இடத்தில் சிவப்பாகச் சதை வருகிறது. சிஸ்டருக்குப் படம் அனுப்பினேன். இதே மாதிரி போனால் மாதக் கடைசியில் கீமோ என்று பதில்.

ஜூலை 18, வியாழன்

29.

இருவரும் குனிந்து பார்த்தோம். அம்மா வாசித்தாள், நான் எழுதினேன். மெய்யான இருபத்தொன்பது. முன்பக்கத்து இருபத்தெட்டைவிட ஒன்று அதிகம், அவ்வளவுதான். 

அண்ணி நாளை காலை பஸ் ஏறத் தயாராக இருக்கிறாள். பெட்டியைத் திறக்கவில்லை. மூடியும் வைக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

ஏழு மணி. கை கழுவினேன். டப்பாவைத் திறந்தேன். ஊற்றினேன். கோப்பையைத் தரையில் வைத்தேன்.

அம்மா கட்டிலிலிருந்து இறங்கி, இடது கையை ஊன்றி உட்கார்ந்தாள். கண்ணைக் கோட்டுக்கு இறக்கினாள். இருபத்தைந்தில் ஒரு பீடி குறைந்தாலும் கட்டைப் பார்த்ததும் சொல்லிவிடுகிற கண். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இருபத்தெட்டு," என்றாள்.

பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

நான் நின்றுகொண்டிருந்தேன். நின்றபடியும் பார்க்கலாம்.

முட்டி போட்டு உட்கார்ந்தேன். கன்னம் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தேன். கோப்பைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம், மஞ்சள் நீருக்குள் பெரிதாக.

"முப்பத்தாறு," என்றேன்.

"ஏட்டி. எனக்குக் கண்ணு தெரியாதா? இருபத்தெட்டு. எழுது."

"முப்பத்தாறும்மா."

"நீ போவாண்டாமா?"

நோட்டை என் பக்கம் இழுத்து எழுதினேன்.  கோப்பையைத் தொட்டியில் கொட்டிக் கழுவினேன். டப்பாவை அமுக்கி மூடினேன். மூச்சு வாங்குவது மாதிரி ஒரு சத்தம் வந்தது, எப்போதும் வருவதுதான். அம்மா கட்டில் காலைப் பிடித்து எழுந்துகொண்டாள். வலது கையைத்தான் நீட்டப் போனாள். பிறகு இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

அண்ணிக்குச் சொல்ல வேண்டும். சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை. போகாவிட்டால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நோட்டு முடிந்துவிட்டது. முன்பக்கத்திலிருந்து வந்த எண்களும் பின்பக்கத்திலிருந்து வந்த நானும் இந்தத் தாளில் முட்டிக்கொள்கிறோம். இதை எழுதும்போது தாளின் மறுபுறத்து எழுத்து தலைகீழாகத் தெரிகிறது, இன்று போட்டது. 36.

அழுத்தி எழுதியிருக்கிறேன். தடவினால் விரலில் படுகிறது.